நஞ்சு மருந்தான வரலாறு

(வெள்ளிவிழா அறிவியல் அமர்வில் ஆற்றிய உரை)

 

விழாக் குழுவினர் இவ்வமர்வில் எமக்கு அரை மணி நேரம் ஒதுக்கியுள்ளனர். கல்வியின் மேன்மையைப் பேசலாமே என்று நண்பர் சிலர் கூறினர். அதைப் பேச நம்மினும் வல்லார் பலர் இம்மேடையிலேயே அமர்ந்திருக்கின்றனர். ஆகவே நாம் ஒரு நஞ்சைப் பற்றிப் பேசத் துணிந்தோம். மங்கல விழாவில் நஞ்சைப் பற்றிய பேச்சா என்று முகம் சுளிக்க வேண்டா. நாம் மருத்துவம் பயின்றவர்கள் அல்லோம். இளங்கலைப் பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் பெற்று, அரசுப் பள்ளியில் பணியாற்றி, இன்று தலைமையாசிரியர் பொறுப்பில் இருக்கின்றோம். குதிகால் தரையில் பாவாமல் முன்காலால் ஊன்றி நடக்கும் குழந்தைகளையும், விரல் விரியாத கையில் பென்சிலைச் செருகிக்கொண்டு எழுத முயலும் குழந்தைகளையும் ஆண்டுதோறும் பார்த்து வருகின்றோம். அவர்களின் பெற்றோர் பெரும்பாலும் அன்றாடக் கூலிகள். "எங்கள் தலையெழுத்து ஐயா, யாரைக் குறை சொல்ல?" என்று அவர்கள் கூறக் கேட்ட நாட்கள் கணக்கில் அடங்கா. தலையெழுத்து என்று விட்டுவிட்டதில் ஒரு பங்குக்கு மருத்துவம் உண்டு. அந்த மருத்துவத்தில் பயன்படும் பொருள்களுள் ஒன்று, உலகம் அறிந்த நஞ்சுகளிலெல்லாம் மிகக் கொடியதாகக் கருதப்படும் பொட்டுலினம் என்பதாகும். செல்வர் வீடுகளில் அழகு ஊசியாக அறியப்பட்ட இப்பொருள் இயலாக் குழந்தையின் காலுக்கும் உதவும் என்ற செய்தி நம் தெருக்களை இன்னும் வந்தடையவில்லை. இத்தலைப்பை நாம் தேர்ந்தமைக்கு அதுவே காரணம்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் பழமொழி. அதைத் திருப்பிப் போட்டு, அளவுக்குள் நின்றால் நஞ்சும் மருந்தாகுமா என்று வினவியவர் ஒருவர் இருநூறு ஆண்டுகளுக்கு முன் செருமானிய நாட்டில் வாழ்ந்தார். அவர் பெயர் யுசுடினுசு கெர்னர். 1786இல் பிறந்து 1862இல் மறைந்தவர். வைன்சுபெர்க் என்னும் சிற்றூரின் மருத்துவர். அதனோடு நல்ல கவிஞரும்கூட. சூமன் என்னும் புகழ்பெற்ற இசைவாணர் கெர்னரின் பாடல்களுக்கு 1840இல் இசையமைத்திருக்கிறார் என்றால் அவர் கவிதையின் தரத்தை உணரலாம்.

கெர்னர் வாழ்ந்த வூர்ட்டம்பெர்க் நாட்டில் ஒரு விந்தையான நோய் பரவியிருந்தது. பன்றியின் இரத்தமும் இறைச்சியும் குடலில் அடைத்துப் புகையூட்டிய தின்பண்டத்தை உண்டோரில் சிலர், உண்ட மறுநாளோ அதற்கடுத்த நாளோ நோயில் வீழ்வர். கண்ணிமை தாழும், ஒரு பொருள் இரண்டாய்த் தெரியும், வாய் வறளும், விழுங்க இயலாது, குரல் தேயும், கைகால் தளரும், இறுதியில் மூச்சு நிற்கும். இவ்வளவுக்கும் அறிவு மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும். காய்ச்சல் இராது. நெப்போலியன் காலத்துப் போர்களால் அந்நாட்டு மக்கள் வறுமையில் வாடினர். கெட்டதைக் கழிக்க மனமின்றி உண்ணும் நிலை. 1802இலேயே சுடுட்கார்ட் அரசு இவ்வுணவைப் பற்றி மக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. எச்சரிக்கை வந்ததனால் பசி நீங்கிவிடுமா?

கெர்னர் நோயாளிகளை ஒவ்வொருவராகக் கண்டு குறிப்பெழுதினார். 1820இல் 76 பேரின் வரலாற்றையும் 1822இல் 155 பேரின் வரலாற்றையும் வெளியிட்டார். கெட்ட இறைச்சியிலிருந்து சாறெடுத்து விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். தம் நாவிலும் சில துளி விட்டுக்கொண்டு என்ன நேர்கிறது என்று எழுதினார். இச்செயலை மாணவர்கள் பின்பற்றுதல் கூடாது என்பதை இங்கேயே சொல்லிவைக்கின்றோம். நஞ்சு ஒரு கொழுப்புப் பொருள் என்று அவர் கருதியது பிழை. ஆயினும், அது மூளையைக் கெடுக்கவில்லை, நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் ஏவலைத் தடுக்கிறது என்று அவர் கண்டது முற்றிலும் சரி. அடுத்த படியாக அவர் எழுதியதுதான் வியப்புக்குரியது: ஏவல் மிகுந்து உடல் துடிக்கும் நோய்களில், இந்நஞ்சை மிகச் சிறிய அளவில் மருந்தாகத் தரலாம் என்றார். அக்கருத்து செயலுக்கு வர ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

நஞ்சின் பிறப்பிடம் தெரிந்தது பெல்சிய நாட்டில். 1895 திசம்பர்த் திங்களில் எல்செல் என்னும் ஊரில் ஓர் இறுதிச் சடங்குக்கு இசை முழக்கச் சென்ற ஊர்க்குழுவினர், சடங்கு முடிந்து விடுதியில் அமர்ந்து உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித்தொடையை உண்டனர். பலர் நோயுற்றனர், மூவர் மாண்டனர். சாவுக்கு இசை முழக்கியோர் என்றதும் அவையில் சிலர் நிமிர்ந்து பார்க்கின்றீர்கள். அங்கே அது பிறப்பின் பேரால் தலையில் கட்டிய வேலை அன்று. விரும்பிக் கூடியவர்களின் இசைக்குழு. நிற்க. கெண்ட் பல்கலைக்கழகத்தின் எமில் வான் எர்மெங்கம் என்பார் எஞ்சிய இறைச்சியிலும், இறந்த ஒருவரின் மண்ணீரலிலும் ஒரே வகை நுண்ணுயிரைக் கண்டு 1897இல் வெளியிட்டார். இறைச்சி அடைத்த குடலுக்கு இலத்தீன் மொழியில் பொட்டுலுசு என்று பெயர். அதனின்று பிறந்ததே பொட்டுலினம் என்னும் சொல். அந்நுண்ணுயிரை இன்று கிளாசுடிரிடியம் பொட்டுலினம் என்று வழங்குகின்றனர்.

இந்நுண்ணுயிர் மண்ணில் வாழ்வது. காற்றுப்படாத இடத்திலேயே பெருகுவது. கடினமான உறைக்குள் ஒடுங்கி வித்தாக நெடுங்காலம் கிடக்கும். வித்தைச் சாதாரணக் கொதிநீர் கொல்லாது. அழுத்தக் கலனில் 121 பாகை வெப்பம் வேண்டும். ஆனால் அது உமிழும் நஞ்சு கொதிக்க வைத்தால் அழிந்துபோகும். புளிப்பு மிகுந்த ஊறுகாயில் இது வளர்வதில்லை. உப்பிய தகரடப்பா உணவை வாங்கலாகாது என்பதற்கும் ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கலாகாது என்பதற்கும் இதுவே காரணம். தேனில் இவ்வித்து இருக்கக்கூடும். பெரியோர் குடலில் அது முளைப்பதில்லை, பச்சிளங் குழந்தையின் குடலில் முளைத்துவிடும். குழந்தைகளுக்கு வரும் இவ்வகை நோயை 1976இல் கலிபோர்னியாவில் கண்டறிந்தனர். பிறந்த குழந்தையின் நாவில் தேன் தடவும் வழக்கம் உள்ள வீட்டுப் பாட்டிமார் இவ்வொன்றை மட்டுமாவது நினைவில் கொள்வீர்களாக.

இனி, நஞ்சு செய்யும் வேலையைக் காண்போம். பத்தாம் வகுப்பு மாணவர்க்குப் புரியும் வகையில் கூற முயல்கின்றோம். நாம் கையை மடக்க நினைத்தால் மூளையின் ஆணை நரம்பின் வழியே ஓடித் தசையின் விளிம்பை அடைகிறது. நரம்பும் தசையும் ஒட்டிக்கொண்டிருப்பன அல்ல. இடையே நூலினும் மெல்லிய இடைவெளி உண்டு. அவ்விடைவெளியைக் கடக்க நரம்பு தன் முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளைச் சொரிகிறது. அது தசையைத் தொட்டவுடன் தசை சுருங்குகிறது. அப்பொருள் நரம்பு முனையில் எண்ணிறந்த நுண்பைகளில் கட்டி வைக்கப்பட்டிருக்கும். பை நரம்பின் சுவரோடு ஒட்டி வாய் திறந்தாலன்றிப் பொருள் வெளியே வாராது. ஒட்டவைப்பன மூன்று புரதங்கள். அவை முப்புரிக் கயிறு போல ஒன்றையொன்று முறுக்கிப் பையைச் சுவரோடு இழுத்துக் கட்டுகின்றன.

பொட்டுலினம் நஞ்சு இரு துண்டுகளால் ஆகிய புரதம். பெரிய துண்டு திறவுகோல். நரம்பு முனையைக் கண்டறிந்து உள்ளே நுழைவிப்பது அது. சிறிய துண்டு கத்தரிக்கோல். உள்ளே புகுந்ததும் முப்புரியில் ஒரு புரியை வெட்டிவிடுகிறது. கயிறு அறுந்தால் பை கட்டுண்பதில்லை. ஆணை வந்தும் பொருள் வெளிவருவதில்லை. தசை தளர்ந்து கிடக்கிறது. தசைக்கு ஏவல் செல்வதை இந்நஞ்சு தடுக்கிறது என்று 1949இல் இங்கிலாந்தில் பர்கன் முதலியோர் சோதித்துக் காட்டினர். வெட்டுப்படுவது எந்தப் புரி என்பது 1992, 1993 ஆகிய ஆண்டுகளில் இத்தாலியின் பதுவா நகரத்து மாண்டெகுக்கோ குழுவினராலும் செருமானிய ஆய்வாளராலும் தெளிவாயிற்று. நுண்பைகளின் போக்குவரத்தை விளக்கிய மூவர்க்கு 2013இல் நோபல் பரிசு வழங்கப்பட்டதையும் மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

துருப்பிடித்த ஆணி குத்தினால் அஞ்சுகிறோமே, அந்த இரணசன்னி நோயின் நுண்ணுயிர் இதன் உடன்பிறப்பு. அதன் நஞ்சும் அதே முப்புரியைத்தான் வெட்டுகிறது. ஆனால் அது தண்டுவடத்திற்கு ஏறிச்சென்று, தசையை அடக்கிவைக்கும் நரம்புகளை வாயடைக்கச் செய்கிறது. அடக்குவார் இல்லாத தசை விறைத்து உடல் வில்லாக வளைகிறது. ஒரு குடும்பத்தில் இருவர். ஒருவன் விறைக்க வைப்பான், மற்றவன் தளர வைப்பான்.

இவ்வளவு கொடிய பொருள் மருந்தாக உதவுவதற்கு மூன்று இயல்புகள் துணை செய்கின்றன. ஊசியால் செலுத்திய தசையில் பெரும்பாலும் அது தங்கிவிடுகிறது. மிக மிகச் சிறிய அளவே போதுமானது. மூன்றாவதே முதன்மையானது: விளைவு நிலையானதன்று. வெட்டுண்ட நரம்பு முனை பக்கக் கிளைகளை விடுகிறது. நாளடைவில் பழைய முனையே வேலைக்குத் திரும்புகிறது. மருந்தின் விளைவு சில நாட்களில் தொடங்கி, இரண்டு வாரங்களில் உச்சமடைந்து, ஏறத்தாழ மூன்று திங்களில் தேய்ந்துவிடும். மறுபடி ஊசி போடவேண்டியிருப்பது குறைதான். ஆயினும் அளவு தவறினாலும் காலம் அதைச் சரிசெய்துவிடும் என்பது மருத்துவர்க்குப் பெரிய ஆறுதல்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கர் இந்நஞ்சைப் போர்க்கருவியாக ஆராய்ந்தனர். மேரிலாந்து மாநிலத்தின் டெட்ரிக் முகாமில் 1946இல் இது படிக வடிவில் தூய்மை செய்யப்பட்டது. அங்கே பணியாற்றிய எட்வர்டு சாண்ட்சு என்னும் வேதியியலார் ஆய்வாளர் பலர்க்கு இதை அனுப்பி உதவினார். அவர்களுள் ஒருவர் சான் பிரான்சிசுகோ கண் மருத்துவர் ஆலன் சுகாட். மாறுகண் உடையோர்க்கு அறுவை செய்யாமல், விழியை ஒருபுறம் இழுக்கும் தசையை மட்டும் தளர்த்தினால் கண் நேராகும் அன்றோ என்பது அவர் எண்ணம். குரங்குகளில் சோதித்து 1973இல் வெளியிட்டார்; 1978 அளவில் மனிதர்க்குச் செலுத்தினார்; 1980இல் முடிவுகளை அச்சிட்டார். 1989 திசம்பரில் அமெரிக்க அரசின் மருந்துத் துறை, மாறுகண்ணுக்கும் இமை இறுக்க நோய்க்கும் இம்மருந்தை ஏற்றது. அப்போது அதன் பெயர் ஆக்குலினம்; பின்பு ஒரு நிறுவனம் அதை வாங்கிப் போட்டாக்சு என்று பெயர் மாற்றியது. சுகாட் 2021இல் மறைந்தார்.

அளவைப் பற்றி ஒரு செய்தி. 1979 நவம்பரில் சாண்ட்சு ஒரு தொகுதி நஞ்சைப் படிகமாக்கினார். எடை சுமார் 150 மில்லிகிராம். அரிசிமணி சிலவற்றின் எடைதான். அந்த ஒரு தொகுதியே 1997 வரை அமெரிக்காவில் இம்மருந்துக்கு மூலப்பொருளாக இருந்தது. இன்று 100 அலகு கொண்ட ஒரு குப்பியில் உள்ளது ஏறத்தாழ 5 நானோகிராம். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு.

நோய்களுக்கு வருவோம். இமை இறுக்கம் என்றோமே, அது வந்தவர்க்குக் கண்ணில் பழுதில்லை. இமைகள் தாமாக இறுகி மூடிக்கொள்ளும், திறக்க இயலாது. பார்வை இருந்தும் குருடர். இமையோரத் தசையில் சில துளி மருந்து செலுத்தினால் அவர் சாலையைக் கடக்கலாம், ஊசியில் நூல் கோக்கலாம். முகத்தின் ஒரு பாதி ஓயாது துடிக்கும் நோய்க்கும் இதுவே சிறந்த மருத்துவம். கழுத்து ஒருபுறமாகத் திருகி நிற்கும் நோய்க்கு அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில் ஒப்புதல் கிடைத்தது. குரல்நாண் தசை இறுகிப் பேச்சு திக்கித் திணறும் நோய்க்கு நியூயார்க்கின் பிளிட்சர் 1984இல் முதன்முதலாக இம்மருந்தைப் பயன்படுத்தினார். ஆசிரியர்கள் இதைக் கேட்டு மகிழலாம், நம் முதலீடு குரல்தானே! எழுதத் தொடங்கினால் மட்டும் கை முறுக்கிக்கொள்ளும் நோயும் உண்டு. மண்வெட்டி பிடிக்கும் கை பேனா பிடிக்க மறுத்தால் ஊரார் அதை நடிப்பு என்பர். அது நடிப்பன்று, மூளையின் இயக்கக் கட்டுப்பாட்டில் நேர்ந்த கோளாறு.

மாதத்தில் பாதிக்கு மேற்பட்ட நாள் ஒற்றைத் தலைவலியால் துன்புறுவோர்க்குத் தலையிலும் கழுத்திலும் 31 இடங்களில் சிறு சிறு ஊசிகளாக, மொத்தம் 155 அலகு, பன்னிரண்டு வாரத்திற்கொருமுறை செலுத்துகின்றனர். தண்டுவடம் அடிபட்டுச் சிறுநீர்ப்பை கட்டுக்கடங்காமல் சுருங்குவோர்க்கும் 2011 முதல் இது ஏற்கப்பட்ட மருத்துவம். நெற்றிச் சுருக்கத்தைப் பற்றி? வாங்கூவரின் கண் மருத்துவர் சீன் கருதர்சு இமை நோயாளி ஒருவரின் நெற்றி மழமழப்பானதைக் கண்டார். தோல் மருத்துவரான கணவரோடு சேர்ந்து 1992இல் அதை எழுதினார். 2002இல் அழகுக்கென்றும் ஒப்புதல் வந்தது. பத்திரிகைகள் இம்மருந்தைப் பற்றி எழுதும் பத்து வரிகளில் ஒன்பது இதைப் பற்றியவையே. நமக்கு அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

பக்கவாதம் வந்த முதியோரை நம் குடும்பங்களில் காண்கின்றோம். முதலில் தளர்ந்த கை, சில வாரங்களில் முழங்கை மடங்கி, விரல்கள் உள்ளங்கைக்குள் இறுகிக்கொள்கிறது. நகம் தசையில் பதிந்து புண்ணாகிறது. கழுவிவிட மகளோ மருமகளோ விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கும்போது அம்முதியவர் அலறுவதைக் கேட்டவர்க்குத் தெரியும். மணிக்கட்டு, விரல் தசைகளில் இம்மருந்தைச் செலுத்தினால் இறுக்கம் குறைகிறது என்பது 2002இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் உறுதியாயிற்று. 2010இல் அமெரிக்காவில் ஒப்புதலும் வந்தது. போன வலிமையை இது மீட்டுத் தாராது. ஆனால் கை விரிகிறது. கழுவலாம், சட்டை போடலாம், வலி தணிகிறது. இதைச் சிறிது என்று கருதுவோர், படுக்கையில் கிடக்கும் ஒருவரைப் பேணிப் பழகாதவர்களாகவே இருத்தல் வேண்டும்.

இப்போது நாம் பேச வந்த இடத்திற்கு வந்துவிட்டோம். மூளை முடக்குவாதம் என்பது வளரும் மூளைக்கு நேர்ந்த காயத்தின் விளைவு. குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது மூச்சடைப்பு, கவனிக்காமல் விட்ட கடும் மஞ்சள் காமாலை, கைக்குழந்தைப் பருவத்து மூளைக்காய்ச்சல் ஆகியவை இதற்குக் காரணமாகலாம். இவற்றுள் பாவமும் இல்லை, முன்வினையும் இல்லை, கிரகணத்தன்று தாய் செய்த குற்றமும் இல்லை. பேறுகாலத்தில் நல்ல மருத்துவமனை எட்டாத தூரத்தில் இருந்த குற்றம் சில இடங்களில் உண்டு. அதற்குத் தாய் பொறுப்பல்லள்.

மூளையின் காயம் மேலும் பரவுவதில்லை. ஆனால் தசை இறுக்கம் குழந்தை வளர வளரத் தன் வேலையைச் செய்கிறது. எலும்பு நீளும், இறுகிய கெண்டைக்கால் தசை அதற்கு ஈடாக நீளாது, குதிகால் மேலெழும்பும். தொடைகள் ஒன்றையொன்று பின்னிக் கத்தரிபோல் நடை வரும். இவ்வாறே ஆண்டுகள் சென்றால் தசை நிரந்தரமாகக் குறுகி மூட்டு பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்டபின் இந்த ஊசியால் பயனில்லை, அறுவையே வழி. ஆகவே தசை இறுகியும் இன்னும் நெகிழ இடமுள்ள இளம் பருவமே காலம். அமெரிக்காவின் வட கரோலினாவில் கோமன் என்னும் எலும்பு மருத்துவர் குழுவினர் 1993இல் இக்குழந்தைகளுக்கு இம்மருந்தைச் செலுத்திய பட்டறிவை வெளியிட்டனர். அதன்பின் பல நாடுகளிலும் இம்முறை பரவிற்று.

ஊசி மட்டும் நடக்க வைக்காது. இதை அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம். ஊசி திறந்து வைப்பது மூன்று திங்கள் காலச் சாளரம் ஒன்றை. அந்தச் சாளரத்திற்குள் நாள்தோறும் தசையை நீட்டும் பயிற்சி வேண்டும். கணுக்காலைச் செங்கோணத்தில் நிறுத்தும் தாங்கி வேண்டும். சில குழந்தைகளுக்கு மாவுக்கட்டும் வேண்டும். பயிற்சி இன்றிப் போடும் ஊசி, உழாத நிலத்தில் எறிந்த விதை. பயிற்சி தரும் நேரம் யாருக்கு இருக்கிறது? விடியலில் வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்பும் தாய்க்கு இல்லை. ஆகையால் இயன்முறை மருத்துவரிடம் பயிற்சியைக் கற்றுக்கொண்டு அண்ணனோ, அக்காளோ, அடுத்த வீட்டுக் கல்லூரி மாணவரோ செய்துவைக்கலாம். நம் மாலைநேரப் பள்ளிகளில் பாடம் சொல்லித்தரும் இளைஞர்கள் நாளுக்கு இருபது நிமிடம் இதற்குத் தரலாகாதா? ஒரு குழந்தையின் குதிகால் தரையைத் தொடுவது, ஒரு கணக்குப் பாடத்தைவிடக் குறைந்த கல்வி அன்று.

இக்குழந்தைகளுள் சிலர்க்கு வாயோரம் உமிழ்நீர் ஒழுகிக்கொண்டே இருக்கும். அவர்கள் மிகுதியாகச் சுரப்பதனால் அன்று. விழுங்கும் தசைகள் ஒத்துழையாமையால். உமிழ்நீர்ச் சுரப்பியை ஏவுவதும் அதே அசிட்டைல்கோலின்தான். ஆகவே சுரப்பியில் இம்மருந்தைச் செலுத்தினால் ஒழுக்கு குறைகிறது. பெரியோர்க்கு 2018இலும் அதன்பின் சிறுவர்க்கும் அமெரிக்காவில் இது ஏற்கப்பட்டது. இதை ஏன் விரித்துரைக்கின்றோம் எனில், வகுப்பில் அக்குழந்தைக்கு அருகில் மற்றக் குழந்தைகள் உட்கார மாட்டார்கள். எச்சில் என்ற ஒரு சொல்லை வைத்து மனிதரைத் தள்ளி நிறுத்தும் வழக்கம் எத்தகையது என்பதை இவ்வவையோருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நம் வீட்டுக் குழந்தைகளே அவ்வாறு ஒதுங்கி அமர்வதைக் கண்டிருக்கின்றோம்; அதனால் சொல்கின்றோம்.

ஒரு வேறுபாட்டைத் தாய்மார்கள் நன்கு அறிதல் வேண்டும். இளம்பிள்ளைவாதத்தில் கால் தளர்ந்து துவளும். அதற்கு இம்மருந்து உதவாது, தளர்ந்ததை மேலும் தளர்த்தி என்ன பயன்? 2011 சனவரிக்குப்பின் நம் நாட்டில் இயற்கையான போலியோக் கிருமியால் எவரும் நோயுறவில்லை. 2014இல் போலியோ அற்ற நாடு என்ற சான்றும் பெற்றோம். எனினும் முன்னர்ப் பாதிக்கப்பட்டோர் நம்மிடையே பலர் உளர். துவளும் காலுக்கும் இந்த ஊசி உண்டென்று எவரேனும் பணம் கேட்டால் நம்பற்க. இறுகிய தசைக்கே இது.

இடர்களையும் மறைக்காமல் கூறுவோம். கழுத்தில் செலுத்திய மருந்து பரவினால் விழுங்குவது கடினமாகும். இமையருகே பரவினால் இமை தாழும். நஞ்சு செலுத்திய இடத்திற்கு அப்பாலும் பரவி மூச்சுக்கும் விழுங்கலுக்கும் இடர் தரக்கூடும் என்று 2009இல் அமெரிக்க மருந்துத் துறை கட்டமிட்ட எச்சரிக்கையை மருந்துத் தாளில் அச்சிடச் செய்தது. தசை இறுக்கத்திற்காக ஊசி பெற்ற குழந்தைகளை அவ்வெச்சரிக்கை சிறப்பாகக் குறிப்பிட்டது. தசைச்சோர்வு நோய் உள்ளவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுதல் வேண்டும். சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் இதன் வேகத்தைக் கூட்டும். பல நிறுவனங்கள் இம்மருந்தைச் செய்கின்றன; ஒன்றின் அலகும் மற்றொன்றின் அலகும் ஒன்றல்ல. அடிக்கடி போட்டால் சிலருடைய உடல் எதிர்ப்பொருளை உண்டாக்கி மருந்தைச் செயலற்றதாக்கும். 2004இல் புளோரிடாவில், மனிதர்க்கென ஒப்புதல் பெறாத ஆய்வக நஞ்சை அழகுக்காக ஏற்றிக்கொண்ட நால்வர் மூச்சுக்கருவியின் துணையால் உயிர்பிழைக்க நேர்ந்தது. அழகு நிலையங்களில் மலிவாகக் கிடைக்கிறது என்று கேட்டால் இந்நால்வரை நினைவில் கொள்க.

விலை பற்றிக் கேட்பீர்கள். ஒரு குப்பி பல ஆயிரம் ரூபாய். குழந்தையின் எடைக்கேற்ப அளவு. சில திங்களுக்கொருமுறை திரும்பவும் போடவேண்டி வரலாம். கூலிக்காரர் கைக்கு எட்டும் பொருள் அன்று என்பதை ஒப்புக்கொள்கின்றோம். அதனாலேயே அரசு வழிகளை அறிந்திருத்தல் வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் நரம்பியல் துறையிலோ மறுவாழ்வு மருத்துவத் துறையிலோ முதலில் கேட்க வேண்டும், சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் உண்டு. சிறு குழந்தையாயின் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்திற்கு அழைத்துச் செல்லலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை இயலாமைகளை ஏற்றுள்ளது. மூளை முடக்குவாதம் அவற்றுள் ஒன்று. இயலாமை நாற்பது விழுக்காடும் அதற்கு மேலும் உள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. அரசு உயர்கல்வியில் 5 விழுக்காடு இடம். அரசுப் பணியில் 4 விழுக்காடு. 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் நிராமயா என்னும் மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை உதவும். "சாதிச் சான்றிதழ் இருக்கிறதே ஐயா, இன்னொரு அட்டை எதற்கு?" என்று கேட்ட தந்தையர் உண்டு. இரண்டும் வெவ்வேறு உரிமைகள். ஒன்றைப் பெற்றதனால் மற்றொன்று குறைவதில்லை. இரண்டையும் சேர்த்தே கேட்கலாம்.

மருத்துவரிடம் செல்லும்போது மூன்று வினாக்களைத் தயங்காமல் கேளுங்கள். இறுக்கம் இன்னும் நெகிழும் நிலையில் உள்ளதா, பூட்டிக்கொண்டதா? ஊசியால் என்ன பயனை எதிர்பார்க்கின்றீர்கள், நடையா, வலி குறைதலா, பேணுதல் எளிதாதலா? ஊசிக்குப்பின் பயிற்சியை யார் கற்றுத்தருவார்? "உனக்குச் சொன்னால் புரியாது" என்று விடை வருமானால் புரியும்படி சொல்லுங்கள் என்று மறுபடியும் கேளுங்கள். தனியே கேட்க அஞ்சுவோர் படித்த பிள்ளை ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்; இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளில் உருவாக்கிய பட்டதாரிகள் அதற்கும் உதவுவார்கள் அன்றோ?

அமர்வு முடிந்தபின் நாம் மேடையின் இடப்புறம் அமர்ந்திருப்போம். அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டிய குழந்தைகளின் பெற்றோர் ஆதார் அட்டையோடும் ஒளிப்படத்தோடும் வரலாம். எழுதித்தர எம் பள்ளி ஆசிரியர் இருவர் வந்திருக்கின்றனர். வரும் திங்கட்கிழமை மாவட்ட மருத்துவமனைக்கு ஒரு வண்டி புறப்படுகிறது. அதில் பெயர் பதிய விரும்புவோரும் அங்கேயே சொல்லலாம்.